நான்கு வருடம் நின்ற புல்லட்: கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

வண்டி 1994 மாடல் புல்லட் 350. 12 வோல்ட், பாயிண்ட் இக்னிஷன், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். நான்கு வருடம் ஷெட்டில் நின்றது. புகார் மூன்று: ஸ்டார்ட் ஆவதில்லை, ஆகாவிட்டாலும் கிக்கர் மட்டும் காலைத் திருப்பி அடிக்கிறது, எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கிறது. முன்பு கைவைத்தவர் கார்புரேட்டரைப் பல முறை கழற்றியிருக்கிறார் என்பதற்கு சாட்சி, நெளிந்துபோன ஸ்க்ரூ தலைகள். மற்ற நட்டுகள் எல்லாம் தூசியோடு அப்படியே இருந்தன.

ஸ்டார்ட் ஆகாத புல்லட் என்றாலே கை முதலில் கார்புரேட்டருக்குத்தான் போகும். வெளியே இருக்கிறது, இரண்டு நட்டில் கையோடு வந்துவிடுகிறது. ஆனால் இந்த எஞ்சினில் வேலைக்கு ஒரு வரிசை உண்டு: வால்வை இயக்கும் டேப்பட், பொறியைக் கிளப்பும் ஸ்விட்சான பாயிண்ட்டின் இடைவெளி, பொறி விழும் நேரமான டைமிங், அதற்குப் பிறகுதான் கார்புரேட்டர். ஒவ்வொன்றும் அடுத்ததைப் பாதிக்கும், முந்தியதைப் பாதிக்காது. டைமிங் வைத்துவிட்டுப் பாயிண்ட் இடைவெளியை மாற்றினால் வைத்த டைமிங் போச்சு. டேப்பட் இறுக்கமாக இருக்கும்போது ஏர் ஸ்க்ரூவைத் திருகினால், வால்வு செய்த தப்புக்கு கார்புரேட்டரைத் தண்டிக்கிறோம் என்று அர்த்தம்.

இங்கே எழுதுவது இரும்பு பேரல் எஞ்சினுக்கு மட்டும். 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி, கியர் பாக்ஸ் தனி. 2008-க்குப் பிறகு வரத்தொடங்கிய, எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் எஞ்சினில் ஹைட்ராலிக் டேப்பட். அதற்கு இந்தக் கதை பொருந்தாது.

ஸ்பேனரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் வரைந்த எஞ்சின் இது. 1955-ல் மெட்ராஸில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கியபோது டிசைனோடு அந்த ஊர் மரையும் திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தது. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்ட பிறகும் இங்கே விட்வொர்த் என்ற அந்தப் பழைய பிரிட்டிஷ் இஞ்ச் மரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. 1994 வண்டியில் மெட்ரிக்கும் விட்வொர்த்தும் கலந்து கிடக்கும். கால் இஞ்ச் விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 13.3 மி.மீ. அந்த நட்டில் 13 நுழையாது, 14 ஆடும். மூன்றின் கீழ் பதினாறு விட்வொர்த்துக்கு 11.3 மி.மீ. அங்கே 11 நுழையாது, 12 வழுக்கும். பழைய புல்லட்டில் முனை மழுங்கிய நட்டு இத்தனை இருப்பதற்கு 14-ம் 12-ம்தான் காரணம். இரண்டு மூன்று விட்வொர்த் ரிங் ஸ்பேனர் வாங்கி வைப்பது, நட்டு நட்டாக மாற்றுவதைவிட மலிவு.

முதல் நாள்: கிக்கரைத் தொடாதீர்கள்

நின்ற வண்டியைப் பார்த்ததும் ஒரு கிக் அடித்துப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். பிளக்கைக் கழற்றி, துளை வழியாக இரண்டு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். ரிங் பேரலோடு லேசாகத் துருப்பிடித்து ஒட்டியிருந்தால் அது இளகட்டும்.

அடுத்தது ஆயில். புல்லட்டில் ஆயில் டேங்க் தனியாகத் தொங்குவதில்லை. கிராங்க் கேஸின் பின்பகுதிதான் டேங்க். வண்டி மாதக்கணக்கில் நிற்கும்போது பம்ப் வழியாக ஆயில் மெல்லக் கசிந்து, முன்னால் கிராங்க் சுற்றும் அறைக்குள் இறங்கிவிடும். அப்போது டிப் ஸ்டிக்கில் பார்த்தால் ஆயில் குறைவாகத் தெரியும். “ஆயில் குடித்துவிட்டது” என்று மேலே ஊற்றுவார்கள். எஞ்சின் ஓடியதும் கீழே இறங்கியிருந்த ஆயில் டேங்குக்குத் திரும்பும், இடம் போதாது, எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியாக வெளியே கக்கும். இந்த வண்டியின் அடியில் தேங்கியிருந்ததில் பாதி இப்படி வந்ததுதான். எந்த பேக்கிங்கும் கிழியவில்லை.

எனவே அடியிலுள்ள டிரெயின் போல்ட்டுகளை, டேங்குக்கு உரியதையும் கிராங்க் அறைக்கு உரியதையும், இரண்டையும் கழற்றி முழுதாக வடியுங்கள். ஒன்றை மட்டும் கழற்றி “வடிந்துவிட்டது” என்று நினைப்பது வழக்கமான தவறு. இதில் வடிந்தது கறுப்பாக, அடியில் சேறுபோல. டைமிங் கவரில் இருக்கும் ஃபில்டர் எலிமென்ட்டையும் மாற்றியாயிற்று. எலிமென்ட் வெளியே வரும்போது கூடவே வரும் ஸ்பிரிங், வாஷர் எல்லாவற்றையும் வந்த வரிசையிலேயே ஒரு துணிமேல் அடுக்கிவையுங்கள். வரிசை மாறினால் எலிமென்ட் சரியாக உட்காராது. ஆயில் வடிகட்டப்படாமல் பக்கவாட்டில் போகும்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: ஃபில்டர் அறை காலியாக இருக்கும்போது எஞ்சினைக் கிளப்பினால், அந்த அறை நிரம்பும்வரை பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராட் கிராங்கில் சேரும் இடம், காய்ந்து ஓடும். பழைய புல்லட்டின் பிக் எண்டில் ரோலர் கிடையாது, மிதக்கும் புஷ்தான். ஆயில் இல்லாமல் அதிக நேரம் தாங்காது. மூடுவதற்கு முன் அறையை ஆயிலால் நிரப்புங்கள். டேங்குக்கு 20டபிள்யூ50 முதலில் 2 லிட்டர் மட்டும். மீதியை எஞ்சின் ஓடி நின்ற பிறகு டிப் ஸ்டிக்கைப் பார்த்து ஊற்றினால் போதும்.

பிளக் இல்லாமல், இக்னிஷன் ஆஃபில், நிதானமாகக் கிக் அடித்து மேலே வால்வை அழுத்தும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் பான்ஜோ போல்ட்டை (ஆயில் போக நடுவில் துளையுள்ள போல்ட்) தளர்த்திப் பாருங்கள். அங்கே ஆயில் துளிர்க்கும்வரை விடாமல் அடிக்க வேண்டும். கால் வலிக்கும்.

பிரைமரி கவர்

டைமிங்கைச் சரியாக வைக்க கிராங்கின் இடது முனை வேண்டும். அதற்கு பிரைமரி கவர் கழல வேண்டும். இடது ஃபுட் ரெஸ்ட், பிரேக் பெடல் இரண்டையும் எடுத்தால் கவர் நடுவில் ஒரே ஒரு நட்டில் நிற்கிறது. அடியில் தட்டு வைத்துவிட்டுக் கழற்றுங்கள், உள்ளே ஆயில் இருக்கிறது.

கவரைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உண்டு. நான்கு வருடத்தில் அது கயிறுபோல விறைத்திருந்தது. கசிவில் மறுபாதி இங்கிருந்து. இப்படிக் கசியும்போது நடு நட்டை இன்னும் இறுக்குவார்கள். ஓரத்தில் ரப்பர் சரியாகப் படியாதபோது நடுவில் இறுக்கிப் பயனில்லை. புது ரப்பரைப் பள்ளத்தில் முறுக்கில்லாமல் உட்காரவைத்து, பொருந்தும் முகங்களைத் துணியால் துடைத்து மூடினால் சாதாரண இறுக்கத்திலேயே நிற்கும். சீலன்ட் பூசத் தேவையில்லை. பூசினால் அடுத்த முறை கழற்றும்போது ரப்பர் கிழியும்.

கவர் திறந்திருக்கும்போதே பிரைமரி செயினைப் பாருங்கள். இரட்டை வரிசைச் செயின், அடியில் ஒரு சப்பை டென்ஷனர் அதைத் தாங்குகிறது. மேல் ஓட்டத்தின் நடுவில் விரலால் அழுத்தினால் இரண்டு நூல், அதாவது 6 மி.மீ. ஆட வேண்டும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடித்துவிடாதீர்கள். கிராங்கைச் சுற்றிச்சுற்றி நான்கைந்து இடத்தில் பார்த்து, செயின் எங்கே அதிக இறுக்கமோ அங்கே இரண்டு நூல் வையுங்கள். தளர்ந்த இடத்தில் வைத்தால் இறுக்கமான இடத்தில் செயின் கம்பிபோல விறைத்து, கிராங்க் பேரிங்கையும் கிளட்ச் பேரிங்கையும் இழுக்கும்.

கிளட்ச் பிளேட் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. நின்ற வண்டிக்கு இது சகஜம். பிரிக்க எதையும் கழற்றத் தேவையில்லை. புல்லட்டில் கிக்கரின் விசை கியர் பாக்ஸ் வழியாக, கிளட்ச் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது. நியூட்ரலில் கிளட்ச் லீவரை முழுதாகப் பிடித்துக்கொண்டு கிக் அடித்தால் எஞ்சின் சுற்றாது, பிளேட்டுகள் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் பிரியும். தினம் ஓடும் வண்டிக்கும் காலையில் முதல் கியர் “டக்” என்று விழாமலிருக்க இதே வைத்தியம்தான், இரண்டு கிக் போதும்.

டேப்பட்

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ராத்திரி நின்ற வண்டியைக் காலையில் பார்ப்பது உத்தமம். பேரலின் வலப்பக்கம் டேப்பட் கவர், ஒரே நட்டு. திறந்தால் இரண்டு புஷ் ராடின் அடிப்பாகம் தெரியும்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நான்காவது கியரில் போட்டு, பிளக் இல்லாமல் பின்சக்கரத்தை முன்னோக்கிக் கையால் உருட்டினால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும். பிளக் துளையில் கட்டைவிரலை வைத்துக்கொள்ளுங்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வந்தால் அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். அதன் டாப்பில், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது, இரண்டு வால்வும் மூடியிருக்கும்.

இப்போது புஷ் ராடைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து உருட்டுங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும். அதே சமயம் மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. அதுதான் அளவு, இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் இங்கே வேண்டியதில்லை. எக்ஸாஸ்ட் ராட் இன்லெட்டைவிட ஒரு துளி எளிதாகச் சுழன்றால் நல்லது. ஆறிய எஞ்சினில் இடைவெளி பூஜ்யம் வைப்பதற்குக் காரணம், சூடேறும்போது பேரலும் ஹெட்டும் புஷ் ராடைவிட அதிகமாக நீளும்; இடைவெளி தானாகவே பிறக்கும். சூடான எஞ்சினில் ஆட்டமில்லாமல் வைத்தீர்களானால், ஆறியதும் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும், மறுநாள் ஸ்டார்ட் ஆகாது.

இந்த வண்டியில் எக்ஸாஸ்ட் ராட் சுழலவே இல்லை. டக்டக் சத்தம் பிடிக்காமல் யாரோ இறுக்கியிருக்கிறார்கள். புல்லட்டில் லேசான டேப்பட் சத்தம் கெட்ட சகுனம் அல்ல. சத்தமே இல்லாத எக்ஸாஸ்ட் டேப்பட்டைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். வால்வு இருக்கையில் அமராவிட்டால் சூட்டை இறக்கிவைக்க அதற்கு வேறு இடமில்லை, விளிம்பு கருகும்.

சரிசெய்யும் இடத்தில் மூன்று அறுகோணம் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். நடுவில் உள்ளது லாக் நட். அதைத் தளர்த்தி, மற்ற இரண்டில் ஒன்றைப் பிடித்து இன்னொன்றைத் திருப்பினால் நீளம் மாறும். மூன்று மெல்லிய ஸ்பேனர், இரண்டே கை. லாக் நட்டை இறுக்கும்போது அளவு கொஞ்சம் நகரும். ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி விரலால் உருட்டிப் பாருங்கள். மூன்று முறையாவது திரும்பச் செய்ய நேரும், அது உங்கள் தப்பில்லை.

பாயிண்ட்

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்ததும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. பாயிண்ட் அகலமாகத் திறந்து 0.6 மி.மீ. காட்டியது. இருக்க வேண்டியது 0.35 முதல் 0.40 வரை. இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரமே திறக்கும், பொறி முன்கூட்டியே விழும். குறைந்தால் பொறி தாமதமாகும். ஓட ஓட, கேமில் உரசும் பாயிண்ட்டின் ஃபைபர் குதி தேய்ந்து இடைவெளி தானாகக் குறைந்துகொண்டேபோகும். அதனால்தான் “போன மாசம் நல்லா இழுத்துச்சு” என்கிற வண்டிகளில் பெரும்பாலும் பாயிண்ட்டைப் பார்த்தாலே போதுமாக இருக்கிறது.

பாயிண்ட் முகத்தில் ஒரு பக்கம் மேடு, எதிர்ப் பக்கம் பள்ளம். மேட்டை நைஸ் எமரியால் தேய்த்து, பெட்ரோல் நனைத்த வெள்ளைத்தாளை இடையில் கொடுத்து இழுத்து, தாளில் கறுப்பு வராதவரை துடைத்தாயிற்று. மேடும் பள்ளமும் ஆழமாக இருந்தால் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள், பாயிண்ட்டை மாற்றுங்கள். பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரையும் கூடவே மாற்றிவிடலாம். எஞ்சின் ஓடும்போது பாயிண்ட்டில் நீலப் பொறி தடித்துத் தெரிந்தாலோ, சூடேறிய பிறகு மட்டும் மிஸ்ஸிங் வந்தாலோ கண்டென்சர் மீதுதான் முதல் சந்தேகம்.

இடைவெளி வைக்கும்போது குதி கேமின் உச்சியில் இருக்க வேண்டும். ஃபீலர் பிளேடை எண்ணெய் இல்லாமல் துடைத்துவிட்டு நுழையுங்கள். பிளேடில் ஒட்டியிருக்கும் எண்ணெய் பாயிண்ட்டில் தங்கினால் கருகி, ஒரு வாரத்தில் பொறி மங்கும். குதி உரசும் இடத்தில் கிரீஸ் ஒரு கடுகளவு.

பாயிண்ட் பிளேட்டுக்கு அடியில் அட்வான்ஸ் எடைகள். எஞ்சின் வேகம் கூடும்போது இவை விரிந்து பொறியை முன்னுக்குத் தள்ளும். வேகம் குறைந்தால் இரண்டு சின்ன ஸ்பிரிங் இழுத்து மூடிவிடும். இங்கே கிரீஸ் காய்ந்து பிசினாகி எடைகள் பாதி விரிந்த நிலையில் நின்றுவிட்டன. 0.6 இடைவெளியோடு இதுவும் சேர்ந்தால், கிக் அடிக்கும் மந்த வேகத்திலேயே பொறி வெகு முன்னால் விழுந்து, ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனைக் கீழே அறையும். காலைத் திருப்பி அடித்தது அதுதான். மண்ணெண்ணெயில் கழுவி, பிவட்டில் ஒரு சொட்டு ஆயில். கேமை விரலால் திருகிவிட்டால் “சடக்”கென்று தானே திரும்பி வர வேண்டும்.

டைமிங்: ஆம்பியர் மீட்டரே விளக்கு

அட்வான்ஸ் எடைகள் மூடிய நிலையில், பிஸ்டன் டாப்புக்கு 0.4 முதல் 0.8 மி.மீ. முன்னால் இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். கிராங்க் கோணத்தில் சுமார் 7 முதல் 10 டிகிரி. 90 மி.மீ. ஸ்ட்ரோக்கில் அரை மில்லிமீட்டர் என்பது ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். டாப்பை ஒட்டி பிஸ்டன் அசைவதே தெரியாது, கிராங்க் மட்டும் நாலைந்து டிகிரி திரும்பிவிடும். பிளக் துளையில் சைக்கிள் ஸ்போக்கை விட்டு “இதுதான் டாப்” என்று கண்ணால் வைப்பது அங்கேதான் ஏமாற்றும். போதாக்குறைக்குத் துளை சாய்வாக இருக்கிறது. ஸ்போக் காட்டும் தூரமும் உண்மையான தூரமும் ஒன்றல்ல. பின்சக்கரத்தில் குறி போடுவதும் உதவாது. கிராங்க் 10 டிகிரி திரும்பும்போது சக்கரம் 2 டிகிரி அளவுக்குத்தான் திரும்பும். நடுவில் இரண்டு செயினின் தொய்வு வேறு.

நம்பகமான வழி: ஒரு டிகிரி தட்டை, பள்ளிக்கூட புரட்ராக்டரை நகலெடுத்து அட்டையில் ஒட்டியதே போதும், ஆல்டர்னேட்டர் ரோட்டர் நட்டில் பிடித்துவிட்டு, பக்கத்து ஸ்டடில் ஒரு கம்பியை முள்ளாக வளைத்து வையுங்கள். பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்து, நடுவில் முனை உருட்டிய போல்ட் ஒன்றைப் பொருத்தினால் பிஸ்டன் தடுப்பு ஆகிவிடும். அதை ஹெட்டில் மாட்டுங்கள். கிராங்கைக் கையால் மெதுவாக முன்னே திருப்பி, பிஸ்டன் முட்டும் இடத்தில் அளவைக் குறியுங்கள். பின்னே திருப்பி மறுபடி முட்டும் இடத்தையும் குறியுங்கள். முதல் முட்டு டாப்புக்கு முன் 24, இரண்டாவது டாப்புக்குப் பின் 20 என்று தட்டு காட்டினால் உண்மையான டாப் நடுவில், அதாவது தட்டின் பூஜ்யத்துக்கு 2 டிகிரி முன்னால். தட்டை அந்த 2 டிகிரி நகர்த்தித் திரும்பச் சரிபாருங்கள். இரு பக்கமும் 22 வர வேண்டும். தடுப்பைக் கழற்ற மறக்காதீர்கள். மறந்து கிக் அடித்தால் பிஸ்டன் தலையில் ஓட்டை.

இனி ஆம்பியர் மீட்டர். ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் அந்தச் சின்ன மீட்டர் அழகுக்கு வைத்ததல்ல. எல்லா விளக்கையும் அணைத்து இக்னிஷனை மட்டும் ஆன் செய்யுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் காயில் வழியாகக் கரண்ட் ஓடும், முள் மைனஸ் பக்கம் சுமார் 3 ஆம்பியர் சாயும். பாயிண்ட் திறந்த கணம் முள் நடுவுக்குத் துள்ளும். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் கிராங்கை முன்னோக்கி மட்டும் மெல்ல மெல்லத் திருப்பி, முள் துள்ளும் இடத்தில் தட்டில் என்ன அளவு என்று படியுங்கள். தாண்டிவிட்டால் அப்படியே பின்னே நகர்த்திப் பார்க்காதீர்கள், கியர்களின் விளையாட்டு அளவைப் பொய்யாக்கும். நன்றாகப் பின்னே போய் மறுபடி முன்னோக்கி வாருங்கள்.

அளவு தப்பினால் பாயிண்ட் பிளேட்டைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி பிளேட்டைத் திருப்ப வேண்டும். கேம் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் பொறி முன்னே வரும், அதே திசையில் திருப்பினால் பின்னே போகும். கேம் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் பிளேட்டில் 1 டிகிரி நகர்த்தினால் கிராங்கில் 2 டிகிரி. எனவே மயிரிழை நகர்த்தினாலே போதும். பாயிண்ட் மூடிய நிலையில் இக்னிஷனை நிமிடக் கணக்கில் ஆனில் விடாதீர்கள், காயில் கொதித்துவிடும்.

இந்த வண்டியை 8 டிகிரியில் வைத்தது. 10-க்குப் பக்கத்தில் வைத்தால் இழுவை ஒரு பிடி கூடும் என்பார்கள், உண்மைதான். ஆனால் முழங்காலுக்கு 8 நல்லது.

கிக் அடிக்கும் முறை

இக்னிஷன் ஆன், சோக் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டேபோங்கள், கெட்டியாக ஒரு இடத்தில் நிற்கும். அங்கே, வால்வைச் சற்றுத் திறந்து அழுத்தத்தை விடும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு, ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்தபடி கிக்கரை இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்துங்கள். முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, லீவரை விட்டு, கிக்கரை முழுதாக மேலே வரவிட்டு, ஒரே நீளமான உதை. பலம் முக்கியமில்லை, கால் அடிவரை போக வேண்டும். பாதியில் நிறுத்தும் உதைதான் திருப்பி அடி வாங்கும். வண்டி மூன்றாவது உதையில் பிடித்தது, கார்புரேட்டரை இன்னும் திறக்காமலே.

பிடித்தவுடன் ஆக்ஸிலேட்டரை முறுக்காதீர்கள். இரண்டு நிமிடம் லேசான வேகத்தில் ஓடட்டும். நிறுத்தி, இரண்டு நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். மீதி ஆயிலை இப்போது அளந்து ஊற்றலாம்.

இப்போது கார்புரேட்டர்

மிக்கார்ப் விஎம்24. பிடித்தது, ஆனால் சோக் எடுத்தால் நின்றது. நான்கு வருடப் பெட்ரோல் ஆவியாகி மஞ்சள் வார்னிஷாக, ஸ்லோ ஸ்பீடுக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டை அடைத்திருந்தது. ஜெட்டைக் கம்பியால் குத்த வேண்டாம், பித்தளைத் துளை அகலமாகும். தின்னரில் ஊறவைத்து காற்று ஊதி, வெளிச்சத்தில் பிடித்தால் ஊசிமுனை அளவு வட்டமாகத் தெரிய வேண்டும். டேங்கின் பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்தது. அது நீரை இழுக்கும், பழைய ரப்பர் குழாயை இளக்கும். குழாயை மாற்றிவிடுங்கள்.

ஹெட்டோடு சேரும் ஃபிளாஞ்சைக் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தபோது இரு காதும் முன்னே வளைந்திருந்தன, கசிகிறதென்று நட்டை இறுக்கி இறுக்கி வந்த வினை. நடுவில் சந்து விழுந்து காற்று உறிஞ்சும், ஸ்லோ ஸ்பீடு நிற்காது. கண்ணாடிமேல் எமரி பேப்பர் விரித்து, முகம் முழுதும் ஒரே நிறமாகும்வரை எட்டு வடிவத்தில் தேய்த்து, புது ஓ-ரிங் போட்டு, நட்டை இந்த முறை அளவாக இறுக்கியது. சந்து இருக்கிறதா என்று அறிய, ஓடும் எஞ்சினில் இணைப்பைச் சுற்றிக் கெட்டிக் கிரீஸ் தடவுங்கள். ஓட்டம் மாறினால் அங்கே காற்று போகிறது. இதற்குப் பெட்ரோல் தெளிப்பவர்கள் உண்டு. சூடான எஞ்சின் பக்கத்திலேயே இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால் அதைச் செய்யமாட்டீர்கள்.

ஏர் ஸ்க்ரூ முழுதாக மூடி ஒன்றரைச் சுற்று வெளியே, இது தொடக்கம். பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடேறிய பிறகு, எந்த இடத்தில் எஞ்சின் சீராக வேகமெடுக்கிறதோ அங்கே விட்டு, பிறகு ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைக் குறையுங்கள்.

பிரீதர்

பிரைமரி ரப்பர் மாற்றியும், ஆயிலை அளவாக ஊற்றியும், ராக்கர் கவர் ஓரத்தில் துளி கட்டுகிறதென்றால் பேக்கிங்கை மாற்றும் முன் பிரீதர் குழாயின் நுனியைப் பாருங்கள். பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் 346 சிசி காற்றைக் கீழே தள்ளுகிறது. அந்தக் காற்று வெளியே போகத்தான் வாத்து மூக்கு போன்ற ரப்பர் வால்வு. வெளியே விடும், உள்ளே இழுக்க விடாது. ரப்பர் விறைத்து உதடு ஒட்டிக்கொண்டால் காற்றுக்கு வழியில்லை, இருக்கும் இணைப்பிலெல்லாம் ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். உதடு கிழிந்து திறந்தே இருந்தால் வந்த காற்று திரும்ப உள்ளே போகும், அழுத்தம் குறையாது.

சோதனை சுலபம். எஞ்சின் ஓடும்போது குழாய் நுனியை ஒரு டம்ளர் தண்ணீரில் லேசாக முக்குங்கள். குமிழி வெளியே வர வேண்டும். தண்ணீர் மேலே ஏறினால் உடனே எடுத்துவிட்டு வால்வை மாற்றுங்கள். இதில் உதடு பிளாஸ்டிக்போல விறைத்திருந்தது. மாற்றியதும் ராக்கர் கவரில் துளி கட்டுவது நின்றது. பேக்கிங் பழையதுதான்.

கிளப்பி ஓட்டிய பிறகு 300 கிலோமீட்டரில் ஆறிய எஞ்சினில் டேப்பட்டை மறுபடி உருட்டிப் பாருங்கள். இறுகிக் கிடந்த எக்ஸாஸ்ட் வால்வு இப்போது இருக்கையில் படிந்து, ராட் மீண்டும் இறுக வாய்ப்பு உண்டு. புதுப் பாயிண்ட் போட்டிருந்தால் குதி முதல் சில நூறு கிலோமீட்டரில் வேகமாகத் தேயும். இடைவெளியைத் திரும்ப 0.38-க்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகு டைமிங்கையும் ஆம்பியர் மீட்டரில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். டிகிரி தட்டை அதுவரை தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.